ஒரே குழாய், இரண்டு பாடம்: பென்ஸ்டொக் கணக்கில் எங்கே பிழைக்கிறேன்?

தலவாக்கலை_மாணவி எழுதியது:

அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். பேராதனை பொறியியல் பீடத்தில் இரண்டாம் ஆண்டு. இந்த செமஸ்டரில் திண்மப் பொறிமுறையும் பாயிப் பொறிமுறையும் சேர்ந்தே வருது. இரண்டையும் ஒன்றாகக் கேட்கிற ஒரு டியூட் (பயிற்சித் தாள்) கணக்கில் மூன்று இடத்தில் என் விடையும் விடைத்தாளும் ஒத்துப்போகல.

கணக்கு இதுதான். தோட்டத்து ஓடையில் ஒரு தொட்டி. அதிலிருந்து பெக்டரிக்குப் பக்கத்தில் இருக்கிற பெல்டன் சக்கரத்துக்கு (தண்ணித் தாரை அடிச்சுச் சுழற்றும் டர்பைன்) எஃகுக் குழாய், அதாவது பென்ஸ்டொக், இறங்குது. நிலைக்குத்து உயர வித்தியாசம் 120 மீற்றர், குழாயின் நீளம் 400 மீற்றர், உள்விட்டம் 200 மில்லிமீற்றர், சுவர்த் தடிப்பு 5 மில்லிமீற்றர், உட்சுவரின் கரடுமுரடு 0.15 மில்லிமீற்றர். ஓட்டம் செக்கனுக்கு 50 லீற்றர். கீழ் முனைக்குக் கிட்ட குழாய் கிடையாக 30 பாகை திரும்புது.

1. கிடைக்கும் நீர்வலு. நான் மூடி (Moody) அட்டவணையில் உராய்வுக் காரணி 0.0196 என்று வாசித்தேன். இழப்பு 20 மீற்றர், வலு 49 கிலோவாற் வந்தது. விடைத்தாளில் 56.

2. வளைவில் கொங்கிரீட் ஆங்கர் புளொக் (குழாயை அசையாமல் பிடிக்கும் கட்டி) தாங்க வேண்டிய விசை. உந்த மாற்றத்தை வைத்து 41 நியூற்றன் எடுத்தேன். விடைத்தாளில் 19 கிலோநியூற்றன்!

3. வால்வை 0.2 செக்கனில் மூடினால் கூடும் அமுக்கம். நீர் நிரல் முழுவதும் ஒன்றாக நிற்கிறதாக வைத்து, திணிவு தர அமர்முடுகல் என்று செய்தேன். 3.18 மெகாபஸ்கால் வருது. விடைத்தாளில் 1.97. நான் எடுத்த பெறுமானம் கூடத்தான், அப்ப அது பாதுகாப்பான பக்கம் இல்லையா?

சுவரின் வளையத் தகைப்பு (சுவரைச் சுற்றுவாக்கில் இழுக்கிறது) மட்டும் சரி, 23.5 மெகாபஸ்கால். சூத்திரம் எல்லாம் பாடம். ஆனால் எதை எங்கே போடுறது என்று தடுமாறுது. எந்த ஒழுங்கில் யோசிக்க வேணும் என்று சொன்னால் பெரிய உதவி.

நோட்டன்_பாலம் எழுதியது:

தங்கச்சி, கணக்கை நல்லா எடுத்து எழுதியிருக்கிறீங்க. முதல் இரண்டையும் நான் சொல்றேன், மூன்றாவதுக்கு ஆட்கள் வருவாங்க.

முதலாவது பிழை உங்களுடையது மட்டும் இல்ல. உராய்வுக் காரணி என்ற பேரில் இரண்டு எண்கள் புழக்கத்தில் இருக்கு. டார்சி காரணி ஒன்று, ஃபானிங் காரணி ஒன்று. டார்சி, ஃபானிங்கைப் போல நாலு மடங்கு. பழைய பிரித்தானிய வழக்கில் எழுதின குறிப்புகளில் இழப்புச் சூத்திரத்துக்கு முன்னால் ஒரு 4 நிற்கும். அந்த 4 ஃபானிங் காரணிக்குரியது. நீங்க டார்சிக்காரரின் அட்டவணையில் வாசித்து, ஃபானிங்காரரின் சூத்திரத்தில் போட்டுட்டீங்க. அதனால் இழப்பு சரியா நாலு மடங்கா வந்திருக்கு.

அட்டவணை எந்தக் காரணிக்குரியது என்று ஒரு நிமிசத்தில் பிடிக்கலாம். அடர் ஓட்டத்துக்குரிய (laminar, கலங்காமல் அடுக்கடுக்காக ஓடுறது) இடது பக்க நேர்கோட்டில் ரெனோல்ட்ஸ் எண் 1000 இருக்கிற இடத்தைப் பாருங்க. 0.064 என்றால் டார்சி. 0.016 என்றால் ஃபானிங். பரீட்சை மண்டபத்திலும் இதைச் செய்யலாம்.

இப்ப உங்கள் எண்கள். குறுக்குவெட்டுப் பரப்பு 0.0314 சதுர மீற்றர், வேகம் செக்கனுக்கு 1.59 மீற்றர், ரெனோல்ட்ஸ் எண் சுமார் 3.2 இலட்சம், சார்புக் கரடுமுரடு 0.00075. காரணி 0.0196 சரிதான். வேக ஹெட் (வேகத்தின் சக்தியை நீர் உயரமாகச் சொல்றது) 0.129 மீற்றர். நீளத்தை விட்டத்தால் பிரித்தால் 2000. மூன்றையும் பெருக்க 5.1 மீற்றர். மிச்சம் 114.9 மீற்றர், வலு 56.4 கிலோவாற். நுழைவாய், வளைவு இழப்புகளைச் சேர்த்தாலும் வேக ஹெட்டே 13 சென்ரிமீற்றர்தான், அதால பெரிசா ஒன்றும் மாறாது. மலைத் தண்ணி 16 பாகையில் வருதே, பிசுக்குமை கூடுமே என்று யோசித்தால், காரணி 0.0197 ஆகும், அவ்வளவுதான். இந்தக் குழாயில் இழப்பைத் தீர்மானிக்கிறது சுவரின் கரடுமுரடு. பிசுக்குமைக்குப் பங்கு கொஞ்சம்.

இரண்டாவது கட்டாயம் திருத்த வேண்டிய பிழை. கொன்ட்ரோல் வொலியும் (control volume, கணக்குக்காக வெட்டி எடுக்கிற தண்ணிக் கட்டி) வரைந்தீங்களா? வரைந்திருந்தால் 41 நியூற்றன் வந்திருக்காது. 41 நியூற்றன் என்றால் நாலு கிலோ அரிசிப் பையின் நிறை. 120 மீற்றர் தண்ணிக்குக் கீழே இருக்கிற வளைவை நாலு கிலோ பிடிச்சு வைக்குமா?

வளைவுக்கு மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு போடுங்க. வெட்டின இரண்டு முகத்திலும் அமுக்கம் தண்ணிக் கட்டியை உள்நோக்கித் தள்ளுது. அந்த விசை ஒவ்வொரு முகத்திலும் 1.177 மெகாபஸ்கால் தர 0.0314 சதுர மீற்றர், அதாவது 37 கிலோநியூற்றன். உந்தப் பாய்ச்சல் 1000 தர 0.05 தர 1.59, வெறும் 80 நியூற்றன். இரண்டையும் கூட்டி, 30 பாகையின் பாதியான 15 பாகையின் சைனால் பெருக்கி, இரட்டிப்பாக்கினால் 19.2 கிலோநியூற்றன். அமுக்கத்துக்குப் பக்கத்தில் உந்தம் நானூற்றில் ஒரு பங்குகூட இல்ல. வால்வைப் பூட்டித் தண்ணி அசையாமல் நிற்கும்போதும் புளொக் இதே விசையைத் தாங்க வேணும். "ஓட்டம் இல்லை, அதனால் விசை இல்லை" என்று நினைக்கிறதுதான் இங்கே வழுக்குற இடம்.

அமுக்கத்தை மானி அமுக்கமாகவே (வளிமண்டலத்துக்கு மேலே உள்ள அளவு) எடுங்க. வளிமண்டலம் வளைவின் வெளிப்புறத்தையும் சுற்றி அழுத்துறதால் அது தானாக வெட்டுப்பட்டுப் போகும். தனி அமுக்கத்தை (வெற்றிடத்திலிருந்து அளப்பது) போட்டால், வெளியே இருக்கிற வளிமண்டலத்தையும் நீங்களே கையால் சேர்க்க வேணும்.

ஒழுங்கு கேட்டீங்களே. திண்மத்திலும் பாயியிலும் முதல் வேலை ஒன்றுதான்: எங்கே வெட்டுறது. வளையில் (beam) குறுக்கே வெட்டி வெட்டு விசையையும் வளைவுத் திருப்பத்தையும் காட்டுறமே, அதேதான் இது. வெட்டைப் பென்சிலால் கீறி, வெட்டின முகத்தில் அறுபட்டது எல்லாத்துக்கும் ஒரு அம்புக்குறி போட்டுட்டுத்தான் சூத்திரத்தைத் திறக்க வேணும்.

கொத்மலை_ஓயா எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு வருவோம். "கூட வந்தால் பாதுகாப்பான பக்கம்தானே" என்பதை முதலில் கைவிடுங்கள். அந்த 3.18 பௌதிகத்தில் இல்லாத ஒரு பெறுமானம். அதை வைத்துக் குழாய் வாங்கினால் தடிப்பு கூடும், செலவு கூடும், என்ன நடக்கிறது என்பதும் விளங்காமலே போகும்.

வால்வு மூடியதும் நிற்பது வால்வுக்கு ஒட்டிய தண்ணீர் மட்டும். மேலே உள்ள 400 மீற்றர் நிரலுக்குச் சேதி இன்னும் போகவில்லை. அந்தச் சேதி அமுக்க அலையாக மேலே ஏறுகிறது. தண்ணீரின் கனவளவு மட்டு 2.2 கிகாபஸ்கால், ஆகவே இறுக்கமான சுவருக்குள் அலையின் வேகம் செக்கனுக்கு 1483 மீற்றர். ஆனால் எஃகுக் குழாயும் கொஞ்சம் வீங்கும். கனவளவு மட்டை யங்கின் மட்டால் வகுத்து, விட்டத்தைத் தடிப்பால் வகுத்து, இரண்டையும் பெருக்குங்கள். 0.011 தர 40, அதாவது 0.44. ஒன்றைக் கூட்டினால் 1.44, வர்க்கமூலம் 1.2. அலையின் வேகம் 1483 ஐ 1.2 ஆல் வகுக்க 1236.

இந்த அலை மேலே போய்த் தொட்டியில் தெறித்துத் திரும்ப 800 மீற்றர், 0.65 செக்கன். அதற்குள் வால்வு முழுதாக மூடிவிட்டால், 0.2 செக்கனோ 0.6 செக்கனோ, வால்வில் கூடும் அமுக்கம் ஒன்றுதான்: அடர்த்தி தர அலைவேகம் தர நீர்வேகம். 1000 தர 1236 தர 1.59, அதாவது 1.97 மெகாபஸ்கால். ஜூக்கோவ்ஸ்கி சமன்பாடு என்பது இதைத்தான். அந்த முதல் அலை அதற்கு மேல் போக வழியில்லை, ஏனென்றால் அந்த நேரத்துக்குள் நின்றுவிட்ட தண்ணீர் அலை கடந்த தூரத்துக்குரியது மட்டுமே. நீங்களோ முழு 400 மீற்றரையும் 0.2 செக்கனில் நிறுத்தினீர்கள். அதற்குச் சேதி செக்கனுக்கு 2000 மீற்றரில் ஓடியிருக்க வேண்டும்.

உங்கள் நீர் நிரல் முறை பிழையான முறை அல்ல, அது மெதுவாக மூடும்போது பொருந்துவது. 2 செக்கனில் மூடினால் 0.32 மெகாபஸ்கால் என்று சொல்லும். அதுகூட வேகம் நேர்கோட்டில் குறைந்தால்தான். கேற் வால்வு அப்படிக் குறைக்காது. சக்கரத்தைப் பாதிக்கு மேல் சுற்றும்வரை ஓட்டம் பெரிதாக மாறாமல் இருந்து, கடைசிச் சில சுற்றுகளில்தான் சட்டென்று விழும். ஆகவே கையால் 2 செக்கன் எடுத்தாலும் தண்ணீர் உணரும் நேரம் அதைவிடக் குறைவு. பாதுகாப்புக்கு அந்தப் பெறுமானத்தை இரட்டித்து 0.64 எடுப்பது வழக்கம். நீர் நிரல் கணக்கு எப்போதாவது ஜூக்கோவ்ஸ்கியைத் தாண்டினால், தவறான வட்டாரத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதற்கு அடுத்த பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தெறித்து வந்த அலை வால்வைத் தொட்டதும் அமுக்கம் அதே அளவு கீழே போக முயலும். 1.18 இலிருந்து 1.97 ஐக் கழித்தால் மறை 0.79 மெகாபஸ்கால். தண்ணீர் அப்படி இழுபட்டு நிற்காது. ஆவியாகி நிரல் பிரிந்து, பிறகு இரண்டு பக்கமும் மோதிச் சேரும். குழாயில் கேட்கும் அந்த இரண்டாவது "டம்" அதுதான். மூட்டுகளின் வளையங்களை வெளியே துப்ப வைக்கக்கூடியதும் அதுதான்.

பெல்டன் சக்கரத்தில் இதற்கு நல்ல தீர்வு இருக்கிறது. சுமை திடீரென்று விழுந்தால் தண்ணீரை நிறுத்துவதில்லை. வாய்முனைக்கு முன்னால் ஒரு தகடு இறங்கித் தாரையைச் சக்கரத்திலிருந்து விலக்கிவிடும். டிஃப்ளெக்டர் என்பார்கள். சக்கரம் ஓவர்ஸ்பீட் ஆகாது, குழாய்க்குள் ஓட்டமும் மாறாது. பிறகு ஊசி வால்வு ஆறுதலாக மூடும். பழைய லக்ஷபான போன்ற உயர்ந்த ஹெட் உள்ள நிலையங்களில் பெல்டன் ஓடுவதைப் பார்க்கும்போது இதையும் தேடிப் பாருங்கள்.

ஒரு பின்குறிப்பு. "பிவிசி போட்டால் அடி குறையும்" என்று சொல்வார்கள், அடி என்பது வால்வு மூடும்போது வரும் இந்த அமுக்க மோதல். 200 மில்லிமீற்றர் பிவிசி, சுவர் 9 மில்லிமீற்றர் என்று எடுத்தால் அலைவேகம் 357க்கு இறங்கும், அமுக்க உயர்வு 0.57 மெகாபஸ்கால்தான். ஆனால் அலை போய்வர இப்போது 2.2 செக்கன். எஃகில் மெதுவாக மூடியதாக இருந்த அதே 2 செக்கன், பிவிசியில் வேகமாக மூடியதாகிவிடும். இரண்டு எண்ணையும் சேர்த்தே பாருங்கள்.

ஹப்புத்தளை_காற்று எழுதியது:

வளையத் தகைப்பு சரி என்று தங்கை அதைக் கடந்து போய்விட்டார். அங்கேதான் திண்மப் பாடம் இருக்கிறது.

23.5 மெகாபஸ்கால் என்பது தண்ணீர் அசையாமல் நிற்கும்போது. அடி அலையோடு 1.18 உம் 1.97 உம் சேர்ந்து அமுக்கம் 3.15க்குப் போனால் வளையத் தகைப்பு 63. சாதாரண மென்னுருக்கு 250 இல்தான் விளையும், ஆகவே தாராளம். ஆனால் 5 மில்லிமீற்றர் என்பது வாங்கிய நாளில் உள்ள தடிப்பு. துரு 2 மில்லிமீற்றரைத் தின்றால் 63, நூறு வாக்கில் வந்து நிற்கும். அத்தோடு நெடுக்கு வெல்டிங் முழுப் பலம் உள்ளது என்றும் எடுக்கக்கூடாது.

பாடப்புத்தகத்தில் நெடுக்குத் தகைப்பு வளையத் தகைப்பில் பாதி என்று இருக்கும். அது இரண்டு முனையும் மூடி, தன்பாட்டில் கிடக்கும் உருளைக்கு. காஸ் சிலிண்டருக்குப் பொருந்தும். இங்கே குழாயை ஆங்கர் புளொக்குகள் இரண்டு பக்கமும் பிடித்திருக்கின்றன. நெடுக்காக அது நீளவோ சுருங்கவோ முடியாது. அமுக்கத்தால் குழாய் வீங்கும்போது பொய்சன் விளைவால் சுருங்கப் பார்க்கும், பிடித்திருப்பதால் இழுபடும். ஆகவே நெடுக்குத் தகைப்பு பொய்சன் விகிதம் தர வளையத் தகைப்பு: 0.3 தர 63, சுமார் 19. பாதி இல்லை.

இனி வெப்பநிலை. டியூட்டில் கேட்கவே இல்லை, ஆனால் மலையில் இதைக் கேட்காமல் விடக்கூடாது. வெயில் நேரத்தில் வெறுங்குழாயை வெல்ட் பண்ணி இரண்டு முனையையும் கட்டிவிட்டு, 16 பாகைத் தண்ணீரை விட்டால், எஃகு 20 பாகை இறங்குவது சாதாரணம். பிடித்திருக்கும் குழாயில் அந்தத் தகைப்பு 200 கிகாபஸ்கால் தர பாகைக்கு 12 மைக்ரோ விகாரம் தர 20, அதாவது 48 மெகாபஸ்கால் இழுவை. குழாயின் நீளமோ விட்டமோ இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எஃகின் குறுக்குவெட்டு 3220 சதுர மில்லிமீற்றர், எனவே முனைப் புளொக்குகளை இழுக்கும் விசை 155 கிலோநியூற்றன். நீங்கள் 41 நியூற்றனுக்குப் புளொக் போட இருந்தீர்கள்.

கூட்டிப் பாருங்கள். நெடுக்காக 19 உம் 48 உம், 67. வளையமாக 63. எது பெரிது? பாடப்புத்தகம் "நெடுக்கு வெல்டிங்கைப் பார்" என்று சொல்லிக்கொண்டிருக்க, இங்கே நெடுக்கு இழுவையைத் தாங்கும் சுற்று வெல்டிங்தான் முதலில் பேசும். மலைச்சரிவில் நின்றுகொண்டு கையால் அடிக்கும் வெல்டிங்கும் அதுதான். நெடுக்கு வெல்டிங் பட்டறையில் நடந்தது.

மோரின் வட்டத்தில் இதைப் போட்டால் 67 உம் 63 உம் கிட்டக்கிட்ட விழும், வட்டம் சின்னப் புள்ளி மாதிரி இருக்கும். "வெட்டுத் தகைப்பு 2 தான்" என்று எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். மூன்றாவது முதன்மைத் தகைப்பு ஒன்று இருக்கிறது. சுவரின் வெளிமுகத்தில் அது பூச்சியம். பெரிய வட்டம் 0 இலிருந்து 67 வரை, உச்ச வெட்டுத் தகைப்பு 33.5. தளத்தில் இரண்டு தகைப்பும் ஒரே குறியாக இருக்கும்போது மூன்றாவது வட்டத்தைக் கீறாமல் விடுவது பரீட்சையில் வழமையான புள்ளி இழப்பு.

வெறுங்குழாய் வெயிலில் கிடந்தால் எதிர்மாறு, 48 நெருக்கல். அப்போது பார்க்க வேண்டியது தாங்கிகளுக்கு இடையில் குழாய் வளைந்து புடைக்குமா என்பது. அதே நாளில் முழு அமுக்கத்தையும் சேர்த்துக் கூட்டாதீர்கள். தண்ணீர் நிறைந்த குழாய் வெயிலில் அவ்வளவு சூடேறாது.

தலவாக்கலை_மாணவி எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. 4 எங்கே வந்தது என்று இப்ப பிடிபட்டது. எங்கள் அட்டவணையில் 1000க்கு நேரே 0.064 தான் இருக்கு.

ஒரு சந்தேகம். ஹப்புத்தளை அண்ணா சொன்ன 155 கிலோநியூற்றனைத் தவிர்க்க எக்ஸ்பான்ஷன் ஜொயின்ற் போட்டால் சரியா? 400 மீற்றருக்கு 20 பாகை என்றால் 96 மில்லிமீற்றர் நகரும் என்று வருது.

நோட்டன்_பாலம் எழுதியது:

போடலாம், போடுறதுதான் நல்லது. ஆனால் ஜொயின்ற் போட்டதும் கணக்கு மாறுது, வெட்டைத் திரும்பக் கீறுங்க. வழுக்கும் ஜொயின்ற் நெடுக்கு இழுவையைக் கடத்தாது. தொடர்ச்சியா வெல்ட் பண்ணின குழாயில் வெட்டு தண்ணியையும் அறுக்குது, எஃகுச் சுவரையும் அறுக்குது. வளைவின் உதைப்பில் ஒரு பங்கைச் சுவர் மேலே கடத்தி, மேல் புளொக்கில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஜொயின்ற் வந்தால் அந்த வழி அடைபட்டிடும். முழு உதைப்பும் அந்த வளைவுப் புளொக்கின் தலையில்தான். 19 கிலோநியூற்றன் அசையாத தண்ணிக்கு. அடி அலையோட 3.15 மெகாபஸ்கால் என்றால் ஒரு முகத்துக்கு 99 கிலோநியூற்றன், வளைவில் 51. புளொக்கை இதுக்குத்தான் போட வேணும்.

இன்னொன்று, ஜொயின்றை மேல் புளொக்குக்குச் சற்றுக் கீழே வைக்கிறது வழக்கம். குழாய் தன் நிறையால கீழ்ப்புளொக்கில் சாய்ந்து நிற்கும், ஜொயின்றில் அமுக்கமும் குறைவு. கீழே வைத்தால் கசியும்.

உங்கள் வளைவு கிடையானது. நிலைக்குத்துத் தளத்தில் திரும்பினால் திசையையும் பாருங்க. செங்குத்தாக வந்து தணிந்த சாய்வுக்குத் திரும்பும் இடத்தில் உதைப்பு நிலத்துக்குள்ள போகும். தணிந்த சாய்விலிருந்து செங்குத்துக்கு விழும் இடத்தில் உதைப்பு குழாயை மேலே தூக்கும். அங்கே கொங்கிரீட்டின் நிறைதான் ஒரே பிடி.

பீலிக்கரை எழுதியது:

மானி அமுக்கம் என்று நோட்டன் அண்ணன் சொன்னது வளைவுக்குச் சரி. தனி அமுக்கம் இல்லாமல் நடக்காத இடமும் இருக்கு, மலைநாட்டில் அது அதிகம்.

ஊற்றிலிருந்து லயத்துப் பீலிக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் பொதுக் குழாயடி) வரும் தண்ணிக் குழாயை எடுத்துக்கொள்ளுங்க. இடையில் ஒரு மேடு. ஊற்றுக்கும் பீலிக்கும் நடுவில் ஹைட்ரோலிக் கிரேட் கோட்டை (குழாயில் துளை போட்டு நிமிர்ந்த குழாய் வைத்தால் தண்ணி ஏறி நிற்கும் மட்டங்களை இணைக்கிற கோடு) கீறினால், மேடு அந்தக் கோட்டுக்கு மேலே நிற்குது. ஊற்று மட்டத்துக்குக் கீழேதான் இருக்கு, ஆனால் உராய்வில் இழந்த பிறகு உள்ள கோட்டுக்கு மேலே. அந்த உச்சியில் அமுக்கம் வளிமண்டலத்தைவிடக் குறைவு. தண்ணியில் கரைந்திருக்கிற காற்று அங்கே வெளியே வரும், மூட்டுகள் வழியா வெளிக்காற்றும் உள்ளே உறிஞ்சப்படும். ஓட்டம் மெலியும், சில நாளில் நின்றே போகும். ஆட்கள் அடைப்பு என்று நினைத்துக் குழாயைக் கழற்றிப் பார்ப்பாங்க, உள்ளே ஒன்றும் இருக்காது.

அங்கே ஏர் வால்வு போட்டால் தீருமா? தீராது. உள்ளே அமுக்கம் குறைந்த இடத்தில் சாதாரண ஏர் வால்வு காற்றை உள்ளேதான் இழுக்கும். ஊற்றிலிருந்து மேடு வரைக்கும் பெரிய விட்டக் குழாய் போட்டு, அந்தத் துண்டில் இழப்பைக் குறைத்து, கோட்டை மேட்டுக்கு மேலே தூக்க வேணும். அல்லது பீலிக்குக் கிட்ட வால்வைச் சற்று நெரித்து ஓட்டத்தைக் குறைக்கலாம், கோடு தானாக உயரும். கோடு மேட்டுக்கு மேலே வந்த பிறகுதான் ஏர் வால்வுக்கு வேலை.

உறிஞ்சுற பம்புக்கும் இதே கதை. உறிஞ்சக்கூடிய உச்ச உயரம் 10.3 மீற்றர் என்று உயர்தரத்தில் பாடமாக்கினது கடல் மட்டத்துக்கு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே வளிமண்டல அமுக்கம் சுமார் 81 கிலோபஸ்கால், தண்ணியில் 8.2 மீற்றர். ஆவி அமுக்கம், குழாய் இழப்பு, பம்பு கேட்கிற மிகுதி எல்லாம் கழித்தால் ஐந்து மீற்றர் உறிஞ்சினாலே பெரிசு. கொழும்பில் ஓடின அதே பம்பு இங்கே இரைச்சல் போட்டு இம்பெல்லரைத் தின்னுறது இதனாலதான். பம்பில் குறை இல்ல.

பென்ஸ்டொக்கிலும் ஒரு இடம் இருக்கு. மேலே தொட்டிக் கதவை மூடி, கீழே வாய்முனை திறந்திருந்தால் நிரல் வடிந்து பின்னால வெற்றிடம். கதவுக்குக் கீழே காற்றுக் குழாய் ஒன்று கட்டாயம் வேணும். உங்கள் 5 மில்லிமீற்றர் எஃகு நசுங்காது, தாங்கும் வெளியமுக்கம் 6 மெகாபஸ்காலுக்கு மேலே. ஆனால் அது தடிப்பு–விட்ட விகிதத்தின் மூன்றாம் படியில் போகுது. அதே 5 மில்லிமீற்றர் தகட்டில் 2 மீற்றர் விட்டக் குழாய் செய்தால் 7 கிலோபஸ்கால்தான். வெற்றிடம் முழுசா வரத் தேவையே இல்ல, அதுக்கு முன்னமே தகர டின் மாதிரி மடிஞ்சிடும்.

தலவாக்கலை_மாணவி எழுதியது:

புளொக்கை இப்படிச் செய்தேன், பார்த்துச் சொல்லுங்க. உதைப்பு 51 கிலோநியூற்றன், கிடை. அடியில் உராய்வுக் குணகம் 0.4, பாதுகாப்புக் காரணி 1.5. தேவையான நிறை 192 கிலோநியூற்றன். கொங்கிரீட் கன மீற்றருக்கு 23.5 கிலோநியூற்றன், எனவே 8.2 கன மீற்றர். பக்கத்து மண்ணின் எதிர்ப்பை எடுக்கல.

மண்வெட்டு எழுதியது:

கணக்கில் பிழை இல்லை. பக்கத்து மண்ணை எடுக்காமல் விட்டதும் நல்லது, சரிவில் அந்த மண் எப்போது வெட்டப்படும் என்று தெரியாது. ஆனால் உராய்வைக் கொடுக்கும் மண்ணுக்குள் தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்பதை இன்னும் பார்க்கவில்லை.

நிலத்தடி நீர் புளொக்கின் மேல்மட்டம் வரை ஏறிவிட்டது என்று வைப்போம். அடியில் நீரமுக்கம் புளொக்கைத் தூக்கும். கொங்கிரீட்டின் பயன்படு நிறை கன மீற்றருக்கு 23.5 இலிருந்து 13.7க்கு இறங்கும். 8.2 கன மீற்றருக்கு 112, அதில் 0.4 பங்கு 45 கிலோநியூற்றன். உதைப்பு 51. காரணி 1.5 என்று போட்ட புளொக் 0.9இல் நிற்கிறது. நிற்காது, நகரும். நகர்ந்தால் மூட்டு திறக்கும், மூட்டு திறந்தால் கசிவு கூடும், கசிவு கூடினால் மண் இன்னும் நனையும்.

சரிவுக்கும் இதே கணக்குத்தான். 30 பாகைச் சரிவு, 3 மீற்றர் மண், உராய்வுக் கோணம் 32 பாகை, பிணைவு 5 கிலோபஸ்கால் என்று எடுங்கள். காய்ந்த நிலையில் மண்ணின் அலகு நிறை கன மீற்றருக்கு 18 கிலோநியூற்றன் என்றால் பாதுகாப்புக் காரணி 1.30. மழையில் மேற்பரப்பு வரை நிரம்பி, தண்ணீர் சரிவுக்குச் சமாந்தரமாக ஓடினால், அலகு நிறை 19 எடுத்து 0.73. மண் மாறவில்லை, சாய்வும் மாறவில்லை. "தண்ணீர் ஏறி மண் பாரமானதால் சரிந்தது" என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். 18 இலிருந்து 19 ஆகும் பாரம் கீழே இழுக்கும் விசையையும் கூட்டும், அழுத்திப் பிடிக்கும் விசையையும் கூட்டும். பிடியைக் குறைப்பது ஊடுவெளி நீரமுக்கம். மண் மணிகள் ஒன்றையொன்று அழுத்தும் தகைப்பு, மொத்தத் தகைப்பிலிருந்து நீரமுக்கத்தைக் கழித்தது மட்டுமே. டெர்ஸாகியின் பயன்படு தகைப்பு அதுதான். திண்மப் பாடத்தின் வெட்டுத் தகைப்பும் பாயிப் பாடத்தின் நீரமுக்கமும் ஒரே சமன்பாட்டில் சந்திக்கும் இடம். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிய மண்ணில் பிறந்தவர்கள் நாம். இந்த ஒரு கழித்தலைப் பிழையில்லாமல் விளங்கிக்கொள்வது நமக்குப் பரீட்சைப் புள்ளியைவிடப் பெரிது.

உங்கள் புளொக்குக்குச் செய்ய வேண்டியது: மேல்பக்கத்தில், புளொக்கின் அடி மட்டத்துக்குக் கீழே இறங்கும் ஒரு கான் வெட்டி, உடைகல் நிரப்பி, இரண்டு பக்கமும் சுற்றிப் பள்ளத்துக்கு வெளியே விடுங்கள். நுண்மண் உள்ளே போய் அடைக்காமல் கல்லைச் சுற்றி வடிதுணி. மழைநீர்க் கான் வேறு, இது வேறு, இரண்டையும் இணைக்கக்கூடாது. அடியை மட்டமாக வெட்டாமல் மலைப் பக்கம் சற்றுச் சாய்த்து வெட்டினால் வழுக்கலுக்கு எதிராக நிறையின் ஒரு கூறும் சேரும். அப்படிச் சாய்த்த அடியில் தண்ணீர் தேங்கும் என்பதால் கானின் அடி அதற்கும் கீழே இருக்க வேண்டும்.

கணக்கில் நீர் மட்டம் அடி வரை வடிந்தது என்று ஒன்று, மேல் வரை ஏறியது என்று ஒன்று, இரண்டையும் செய்து காட்டுங்கள். இரண்டாவதில் காரணி 1.0க்குக் கீழே போகாத அளவுக்கு, 51ஐ 0.4 ஆலும் 13.7 ஆலும் வகுத்தால், 9.3 கன மீற்றர் வேண்டும்.